மணலுக்கு ஏற்ற டயர்

என் பிடிவாதத்தால் அன்று ஓர் உயிர் போயிருக்கும். ஆனாலும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, கோபம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ஹவுன்ஸ்லோவிலிருந்து தமிழ்க் கடைகளுக்கு அரிசி மூட்டை கொண்டுபோகும் லொறி ஒன்றை நானும் என் மனைவியின் தம்பி ரவியும் பங்குக்கு வைத்திருந்தோம். குளிர்காலத்துக்கு முன் டயர் மாற்றப் போனோம்.

"அத்தான், ஒடுக்கமான டயர் எடுப்பம். அதிலை வரி வெட்டும் ஆழமா இருக்கு. அதுதான் பனியிலை ரோட்டைப் பிடிக்கும்" என்றான் ரவி.

"ஊரிலை மணற்காட்டு மணலிலை லொறி ஓடினவன் நான். அகலமான டயர்தான் புதையாது. எனக்குப் படிப்பிக்காதை!" என்று கடைக்காரர் முன்னாலேயே கத்தினேன். வெட்டு ஆழமில்லாத அகல டயர்களையே பூட்டினேன்.

பனி கொட்டிய ஒரு காலை, ரெய்னர்ஸ் லேனில் ஒரு சரிவில் இறங்கினேன். கீழே கடை வாசலில் மூட்டை இறக்க ரவி காத்து நின்றான். பிரேக்கை மிதித்தேன். சில்லுகள் சுழலாமல் நின்றுவிட்டன, லொறி நிற்கவில்லை. ரவி பாய்ந்து விலகினான். அவன் நின்ற இடத்து மதிலில் மோதித்தான் லொறி நின்றது.

அவன் எழும்பி வந்து கதவைத் திறந்தான்.

"என்னடா பாக்கிறாய்? சொல்லன், நான் அப்பவே சொன்னனான் எண்டு!" என்று சீறினேன்.

"உங்களுக்கு அடி ஒண்டும் படேல்லையே, அத்தான்? இறங்குங்கோ."

அவன் நீட்டிய கையைத் தட்டிவிட்டு இறங்கினேன். வழுக்கி விழுந்தேன். தூக்கிவிட்டது அதே கைதான்.

மறுநாளே ஒடுக்கமான டயர்களைப் பூட்டினேன். மன்னிப்பு மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.