மினு பேர் போட்ட கட்டில்

ராஜம்மாவுக்குப் புதுச் சாமான் என்றால் உயிர். கிடைக்காமலே ஏங்கியவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். தூத்துக்குடியில் தாலி கட்டிக்கொண்டு, கல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்த ராகவனோடு அங்கே வந்தவள், அவர் ரிட்டயர் ஆகும்வரை குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம் நடத்தினாள். கட்டில், மேஜை, அலமாரி எல்லாமே ஆபீஸ் கொடுத்தவை. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை பெயின்ட்டில் ஆபீஸ் பேர் எழுதியிருக்கும். குவார்ட்டர்ஸ் மாறும்போது துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதே ஊரில் பெஹாலா பக்கம் சொந்த ஃப்ளாட் வாங்கியதும் முதல் வேலையாக ஒரு சோபா வாங்கிப் போட்டாள். உட்கார அல்ல, பார்க்க.

அப்பேர்ப்பட்டவளின் ஒரே மகள் கீதாஞ்சலிக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை பிரவீண் லேக் கார்டன்ஸில் வீடு பார்த்துவிட்டான். சீரில் கட்டில் வைக்க வேண்டுமே! ராஜம்மா கடை கடையாக ஏறி இறங்கி, தலைமாட்டில் விளக்கு எரிகிற, கண்ணாடி மாதிரி மினுங்குகிற கட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, படம் எடுத்து மகளிடம் காட்டினாள்.

"ஹோட்டல் ரூம் மாதிரி இருக்கு, மா."

அவ்வளவுதான் விமர்சனம். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கணக்கே தனி. ஃபோன் மட்டும் அடிக்கடி புதுசாக மாற வேண்டும், கட்டில் மட்டும் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய தாத்தா காலத்தது வேண்டும். கீதாஞ்சலியின் ஆபீஸ் தோழி ஒருத்தி பாடாத கிராமபோனை வாங்கி வைத்துக்கொண்டு தினமும் தூசி தட்டுகிறாள்.

அலிப்பூரில் பழைய பங்களா ஒன்றை இடிக்கப்போகிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கீதாஞ்சலி அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்தது அந்தக் கட்டில். பர்மா தேக்கு, நான்கு மூலையிலும் கொசுவலைக் கம்பங்கள், ஏறுவதற்கு முக்காலி வேண்டிய உயரம். தலைமாட்டுப் பலகையில் யாரோ ஒரு குழந்தை ஆணியால் கோணல்மாணலாக வங்காளியில் 'மினு' என்று கீறி வைத்திருந்தது. கீதாஞ்சலி அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுக்கு எவ்ளோ அடி வாங்கியிருப்பா பாவம்! மா, இதுதான் எனக்கு வேணும்."

"ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா? அடுத்தவ பேர் போட்ட பாத்திரத்தையே சீர்ல வைக்க மாட்டோம். கட்டிலை வைப்பாங்களா?"

அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. சீர்ப் பாத்திரம் ஒவ்வொன்றிலும், ஒரு சின்னக் கரண்டியைக்கூட விடாமல், பெண்ணின் பேர் வெட்டித்தான் கொடுப்பார்கள். பேர் யாருடையதோ சாமானும் அவளுடையது. ஆனால் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். கட்டில் பெஹாலாவுக்கு வந்து சேர்ந்தது. மறுநாளே கீதாஞ்சலி ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போய்விட்டாள்.

ராஜம்மாவுக்குக் கை துறுதுறுத்தது. தெரு முனையிலிருந்து தச்சர் நிமாய் மிஸ்திரியைக் கூட்டிவந்தாள். "அண்ணி, இப்படிப் பழசா இருந்தாத்தானே இப்போ கிராக்கி?" என்று அவர் வங்காளியில் இழுத்தார். ராஜம்மா விடவில்லை. இழைப்புளி ஓடியது, மினு சுருள் சுருளாகத் தரையில் விழுந்தாள். மேலே பூச்சுக்கு மேல் பூச்சாக வார்னிஷ் ஏறியது. அடைமழைக்காலம், துணியே காயாத ஊரில் வார்னிஷ் எங்கே காய்வது! ஆனாலும் ராஜம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. இப்போதுதான் கட்டிலுக்குக் கல்யாணக் களை வந்திருக்கிறது என்று ராகவனிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. விவரமான மனுஷன்.

பெங்களூரிலிருந்து திரும்பிய கீதாஞ்சலி பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மினு எங்க?"

"அவளை அனுப்பியாச்சு. எப்படிப் பளபளன்னு இருக்கு பாத்தியா?"

மகளின் முகம் சுண்டிப்போயிற்று. "இதுக்கு உன் ஹோட்டல் கட்டிலையே வாங்கியிருக்கலாம். என் ஃப்ரெண்ட்ஸ் வீட்டுல எல்லாம் ஆளுக்கொரு பழைய கட்டில், ஒரு ஈஸிசேர்னு இருக்கு. நம்ம வீட்டுல என்ன இருக்கு? நான் இந்த ஊர்லதான் வளந்தேன்னு சொல்ல ஒரு ஸ்டூல்கூட இல்ல. எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டோம்."

"உனக்குப் பழசுதான் இல்ல. எனக்குச் சொந்தமா ஒண்ணுமே இருந்ததில்லட்டி!" ராஜம்மாவின் குரல் உடைந்தது. "முப்பது வருஷம் ஆபீஸ் பேர் போட்ட கட்டில்ல படுத்து எந்திரிச்சேன். அதுலதான் உன்னையப் போட்டு வளத்தேன். எம்பிள்ளைக்காவது அடுத்தவங்க பேர் இல்லாத கட்டில் குடுக்கணும்னு நினைச்சேன். அது தப்பா?"

சொல்லிக்கொண்டே தலைமாட்டுப் பலகையில் கையை ஊன்றிவிட்டாள். எடுக்கப் போனால் கை வரவில்லை. பிசின் மாதிரி பிடித்துக்கொண்டது. கீதாஞ்சலி அம்மாவின் மணிக்கட்டைப் பற்றி இழுக்க, ஒருவழியாகப் பிய்ந்து வந்தது. பலகையில் ஐந்து விரலும், உள்ளங்கை ரேகையும், கூடவே வளையல் தடமும் அப்படியே பதிந்திருந்தன.

"ஐயையோ, சீர்ச் சாமானை நானே கெடுத்துட்டனே!" அழுகை போய் ராஜம்மாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது. மண்ணெண்ணெயில் கையைக் கழுவியபடியே ராகவனை நிமாய் வீட்டுக்கு விரட்டினாள். நிமாய் உப்புத்தாளும் கையுமாக வந்து சேர்ந்தபோது, கீதாஞ்சலி கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தாள்.

"வேண்டாம் நிமாய் அண்ணா. அதைத் தொடாதீங்க" என்றாள் வங்காளியில்.

"ஏட்டி, அசிங்கமா இருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாரு கைன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்கட்டும். எங்க அம்மா கைன்னு சொல்லுவேன். நாளைக்கு என் பிள்ளை கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

ராஜம்மா நிமாய்க்குக் காபி போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போய், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பாதி அழுகையிலேயே சிரிப்பும் வந்துவிட்டது.