சீட்டில்லாத மூட்டை

என் அக்காவை யாராவது "பாவம், ஏமாளி" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பத்தோரு வருஷம் ஒரே சலவைக் கடையில் நின்றவள் அவள். அத்தனை வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட ஆள் மாறிப் போனதில்லை. அவளையா ஏமாளி என்கிறீர்கள்? நடந்ததை முழுசாகக் கேளுங்கள். அப்புறம் யாருக்கு எந்தப் பட்டம் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடையின் முன்பக்கம் ஒரு மேசை, அதற்குப் பின்னால் கூரை வரைக்கும் மரத்தட்டுகள், அதற்கும் பின்னால் துவைக்கும் இயந்திரங்களும் இஸ்திரி மேசைகளும். நான் பின்னால் நின்று இஸ்திரி போடுகிறவள். கோபம் சட்டென்று வரும் என்பதால் கடையில் எனக்குப் பட்டாசு என்று பெயர். அக்கா முன்மேசை. துணி வாங்குவது, காலருக்கு உள்ளே மையால் அடையாளம் போடுவது, பிரித்து அடுக்குவது, சீட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. எங்கள் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே சமையல். அவள் கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. எனக்குக் கல்யாண யோகமே வாய்க்கவில்லை. பெற்றவர்கள் போன பிறகு ஒருத்திக்கு ஒருத்தி என்று இருந்தோம். எங்கள் சோற்றில் பங்குக்குக் கடைப் பூனை ஒன்றும் உண்டு.

இடது ஓரத்தில் ஒரு தட்டு தனியாக உண்டு. சீட்டைத் தொலைத்தவர்களின் மூட்டைகள் அங்கேதான் இருக்கும். அதற்கு அக்கா வைத்த சட்டத்தை முதலாளிகூட மீறியதில்லை. மூட்டை வேண்டுமென்றால் மூன்று அடையாளம் சொல்ல வேண்டும். "நீலச் சட்டை" என்றால் செல்லாது. "இடது கை மடிப்பில் பேனாக் கறை, மூன்றாவது பித்தான் வேறு நிறம்" என்று இறங்கி வர வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் சலவைக் கூலியைக் கட்டச் சொல்வாள். கூலி மேசைக்கு வந்த பிறகுதான் மூட்டை தட்டிலிருந்து இறங்கும். ஒருமுறை பெரிய மனிதர் ஒருவர் வந்து, என் கோட்டைக் கொடு என்று ஊரே கேட்கக் கத்தினார். "உங்க கோட்டுதான்னா உள்பையில என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க சார்" என்றாள் அக்கா. ஆள் முழித்தார். மறுநாள் வந்த இன்னொருவர், "குழந்தையோட ஒத்தைக் காலுறை இருக்கும்மா" என்றார். அவருக்குத்தான் கோட்டு போனது.

அப்படிப்பட்டவள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலரை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க ஆரம்பித்தாள். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு கண் நீர் அழுத்த நோய் என்றார். இடது கண் ஏற்கெனவே போய்விட்டதாம், அவளுக்கே தெரியாமல்!

"போனது போனதுதான்மா. வலது கண்ணைக் காப்பாத்தணும்னா ஆறு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும். தள்ளிப் போடாதீங்க" என்றார்.

இலவச மருத்துவமனையில் கேட்டோம். வரிசைப்படி ஒன்றரை வருஷம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். நல்லவேளை, அக்கா நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பணம் வங்கியில் இருந்தது. தனியார் மருத்துவமனையில் பெயர் கொடுத்துவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் ஒரு போன் வந்தது. மருத்துவமனைக் கணக்குப் பிரிவிலிருந்து பேசுகிறோம், முழுத் தொகையையும் இன்றைக்கே கட்டினால் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி என்றார்கள். அக்காவின் பெயரும் மருத்துவர் பெயரும் எந்தக் கண் என்பதும்கூட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் சொன்னபடியெல்லாம் அக்கா செய்தாள். நான் அந்த நேரம் பின்னால் போர்வைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, "அஞ்சுல ஒரு பங்கு மிச்சம்டி" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து மருத்துவமனைக்குப் போன் போட்டேன்; தாங்கள் யாரும் பேசவே இல்லை என்றார்கள்.

அன்றைக்கே காவல் நிலையத்துக்கு ஓடி, இணைய மோசடிப் பிரிவில் புகார் எழுதிக் கொடுத்தோம். அதுவரைக்கும் சரி. வீட்டுக்கு வந்த பிறகு என் வாய் சும்மா இருந்ததா?

"உன் கண்ணுக்காகச் சேத்த காசை உன் வாயாலேயே குடுத்துட்டு வந்து நிக்கறியே! ஊருக்கெல்லாம் மூணு அடையாளம் கேப்பியே, அவன்கிட்ட ஒண்ணாவது கேட்டியா? இனிமே கண்ணு போனா என்கிட்ட வந்து அழாத!"

சொன்னேன். ஆமாம், இந்த வாயால்தான் சொன்னேன். அவள் தட்டைக் கழுவி வைத்தாள். மறுவாரம் நான் என் சங்கிலியையும் வளையலையும் விற்று, ஆபரேஷனுக்கு முன்பணமாக இருக்கட்டும் என்று அவள் கையிலேயே கொடுத்தேன். வாங்கிக்கொண்டாளே தவிர, முகத்தில் களையே இல்லை. தங்கை கழுத்து மூளியாகிவிட்டதே என்று அவள் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு மாதம் போயிருக்கும். அவளுக்கு இன்னொரு போன் வந்தது. தொலைந்த பணத்தை மீட்டுத் தரும் பிரிவாம். "உங்க பணம் எங்ககிட்ட பத்திரமா இருக்கும்மா. ஆனா யாருதுன்னு தெரியாம குடுக்க முடியாது. எவ்வளவு, என்ன தேதி, எந்த வங்கி, மூணும் சரியாச் சொன்னா உங்களுதுதான்" என்றானாம். அக்கா மூன்றையும் சொன்னாள். "சரியா இருக்கு. மீட்புக் கூலியை மட்டும் கட்டிட்டீங்கன்னா உடனே அனுப்பிடறோம்" என்றான்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சுதாரித்துக்கொண்டிருப்பார்கள். என் அக்காவுக்கோ அங்கேதான் முழு நம்பிக்கை வந்தது. மூன்று அடையாளம், அப்புறம் கூலி, அதற்கப்புறம் மூட்டை! முப்பத்தோரு வருஷமாக அவள் செய்த நாணயமான வேலையை அப்படியே அவளிடம் திருப்பிச் செய்தான் அந்தப் படுபாவி. என் சங்கிலிப் பணம் மொத்தமும் கூலியாகப் போனது. இரண்டு நாள் கழித்து என்னிடம் சொன்னபோதுகூட அவளுக்குப் பாதி நம்பிக்கை மிச்சம் இருந்தது.

"நம்ம கடை மாதிரியே நடத்தறாங்கடி. வராம போகாது" என்றாள்.

இந்தமுறை நான் திட்டவில்லை. திட்டத் தெம்பு இல்லை. அவள் கைப்பேசியை வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். "இனிமே எந்தப் போன் வந்தாலும் நான்தான் எடுப்பேன். நீ யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றேன். குழந்தை மாதிரித் தலையாட்டினாள். அதற்குப் பிறகு கடையில்கூட அவள் குரல் தணிந்துவிட்டது. வாடிக்கையாளர் அடையாளம் சொன்னால் சரிபார்த்துக் கொடுக்கும்படி என்னைக் கூப்பிடுவாள். முன்மேசையில் அவள் தயங்கி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் நான் இஸ்திரிப் பெட்டியை ணங்கென்று வைப்பேன்.

மூன்றாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், என் இடுப்பில் போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"மோசடிப் பிரிவுலேர்ந்து பேசறேன்மா. நீங்க குடுத்த புகார்ல பணம் கொஞ்சம் கிடைச்சிருக்கு. நேர்ல வந்து அடையாளம் காட்டி…"

அடையாளம் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். எனக்குள் மூன்று மாதமாக அடைத்துக் கிடந்ததெல்லாம் பிய்த்துக்கொண்டு வந்தது.

"அடையாளமா? ஏம்மா, உனக்கு வெக்கமா இல்ல? கண்ணு போற பொம்பளை காசைத் தின்னியே, அது உனக்குச் செரிக்குமா? இன்னும் எங்ககிட்ட என்ன இருக்குன்னு போன் பண்றே? ஒரு பூனைதான் மிச்சம். வந்து பிடிச்சுட்டுப் போ! அடையாளம் வேணுமா? வாலு பாதிதான் இருக்கும். ரெண்டாவது அடையாளம், திருடிங்களைக் கண்டா பிறாண்டும். மூணாவது, உன்னைவிட மானம் ஜாஸ்தி! கூலியை மேசையில வச்சுட்டுத் தூக்கிட்டுப் போ!"

"அம்மா, கொஞ்சம் நான் சொல்றதை…"

வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. எடுத்து இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். மூன்றாவது முறை அடித்தபோது அந்த எண்ணே வராதபடி செய்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், துணிமூட்டை மேல் படுத்திருந்த அந்த அரைவால் பூனை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் போட்டு, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மானம் ஜாஸ்தியா! அடிப் பாவி!" என்று என் முதுகில் ஒரு அடி வைத்தாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். என்னமோ உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு ஆறு வாரம் கழித்து ஒரு தபால் வந்தது. மோசடிப் பிரிவின் முத்திரை குத்திய கடிதம். தொலைபேசியில் மூன்று முறை தெரிவித்தும் தாங்கள் வரவில்லை என்று இருந்தது. இதுவும் ஏமாற்று வேலைதான், கிழித்துப் போடுகிறேன் என்றேன் நான். அக்கா அதை வாங்கி, முத்திரை இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

"போன்ல பேச வேணாம்டி. நாமளே நடந்து போய்ப் பாத்துட்டு வந்துடுவோம். நேர்ல போனா நம்மகிட்ட யாரு என்ன பிடுங்கிட முடியும்?"

போனோம். புகார் கொடுத்தபோது படியேறிய அதே கட்டடம். இந்தமுறை படிகளில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மாடியில், கோப்புகள் குவிந்த ஒரு மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கடிதத்தைப் பார்த்ததும் கணினியைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார்.

"நீங்க அன்னிக்கே புகார் குடுத்ததால அவங்க கணக்கை முடக்க முடிஞ்சுது. உங்க பணத்துல முக்கால்வாசி அதுலயே நின்னுடுச்சு. அந்த வாரம் வந்து கையெழுத்துப் போட்டவங்களுக்கெல்லாம் பத்து நாள்ல பணம் கைக்குப் போயிடுச்சும்மா. உங்களுக்குத்தான் கெடு முடிஞ்சுடுச்சு. இனிமே திரும்ப மனு போட்டு, கோர்ட்டு உத்தரவு வாங்கி… ஒரு வருஷத்துக்குக் குறையாது."

முக்கால்வாசி. ஆபரேஷனுக்கு அது போதும். பத்து நாளில் வந்திருந்தால் இன்னும் இரண்டரை மாதம் கையில் இருந்திருக்கும்.

"நான் போன் பண்ணேன்" என்றார் அந்தப் பெண். "ஒரு அம்மா எடுத்து வாய்க்கு வந்தபடி பேசினாங்க. ஏதோ பூனை, அரை வாலுன்னு…"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"அது நான்தான்மா. ரெண்டு தடவை ஏமாந்துட்டேனா, அந்த ஆத்திரத்துல பேசிட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

அந்தப் பெண் அக்காவின் தணிந்த குரலைக் கேட்டார், என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். "பரவாயில்லம்மா, எங்களைத் தினமும் நாலு பேராவது இப்படித்தான் திட்டறாங்க" என்று சொல்லி மனுத் தாளை நீட்டினார். கையெழுத்துப் போடும் கோடு எங்கே இருக்கிறது என்று நான்தான் அக்காவின் விரலைப் பிடித்து வைத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அழுதேன். அவள் ஒரே ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. முதலாளி இரண்டு மாதச் சம்பளம் முன்கூட்டிக் கொடுத்தார். தெரிந்தவர்களிடம் எல்லாம் கையேந்தினேன். சொட்டு மருந்துக்கும் பரிசோதனைக்கும் சரியாகப் போனதே தவிர, ஆபரேஷன் தொகை சேரவில்லை. ஆறு மாதம் முடிந்தது. ஏழாவது, எட்டாவது. முதலில் காலருக்குள் இருந்த மை அடையாளம் அவளுக்குத் தெரியாமல் போனது. அப்புறம் சட்டையின் நிறம். ஒன்பதாவது மாதம், இடது ஓரத் தட்டு எங்கே முடிகிறது என்று கையால் தேட ஆரம்பித்தாள். ஒருநாள் முதலாளியிடம் தானே போய், "இனிமே நான் இங்க நின்னா ஆள் மாறிடும்" என்று சொல்லிவிட்டு மேசைச் சாவியைக் கொடுத்தாள். இப்போது முன்மேசையில் நான் நிற்கிறேன். அவள் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கைக்குட்டைகளை மடிக்கிறாள். பூனை அவள் மடியில் கிடக்கும்.

போன வாரம்தான் பணம் வந்தது. முக்கால்வாசி, சொன்னபடியே. கைப்பேசியில் செய்தி வந்து விழுந்தபோது நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன்.

"என்னடி அது?"

"உன் பணம் வந்துடுச்சுக்கா."

அவள் மடித்துக்கொண்டிருந்த கைக்குட்டையை முடித்து, நாலு முனையும் சேர்ந்திருக்கிறதா என்று விரலால் பார்த்து, அடுக்கின் மேல் வைத்தாள்.

"முதல்ல உன் சங்கிலியை வாங்கு" என்றாள்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. முக்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னாலதான்க்கா. அன்னிக்கு மட்டும் நான் வாயை மூடிட்டு அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டிருந்தா…"

"சும்மா இருடி" என்றாள். கையால் துழாவி என் தலையைக் கண்டுபிடித்து அதன் மேல் கையை வைத்தாள். "வீட்லயும் சரி, கடையிலயும் சரி, நீ சத்தம் போட்டுப் பேசியே எவ்வளவு நாளாச்சு. கண்ணுதான் போச்சு, காதாவது எனக்கு வேணாமா? அன்னிக்குத் திட்டினியே, அதை ஒரு தடவை சொல்லேன். அந்தப் பூனைக்கு மூணு அடையாளம் சொன்னியே."

வாலு பாதிதான் இருக்கும் என்று ஆரம்பித்தேன். இரண்டாவது அடையாளத்துக்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை. மூன்றாவதை அவளே சொல்லிக்கொண்டாள்.