அப்பா மிதித்துக் கொடுத்த வளைவு

கடைத்தெருவில் வயசாளிகள் நாலு பேர் கூடினால் இன்றைக்கும் அந்த மோட்டார் சைக்கிள் ரேஸ் பேச்சு வந்துவிடும். யார் பெரிய ஓட்டக்காரர் என்றால் முதலில் வெள்ளைக்காரத் துரையைச் சொல்வார்கள். அடுத்தது, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிய காயல்பட்டினத்து வியாபாரி மகன். என் அண்ணன் ஞாபகத்துக்கு வந்தால், "விழுந்தானே, அவன்தானே" என்பார்கள். அவன் விழுந்தது ஒரே ஒரு நாள். அதற்கு முன்னால் துரையையும் சேர்த்து அத்தனை பேரையும் புழுதி தின்ன வைத்தது யார் வாயிலும் வராது.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்து வண்டிகள் ஏலத்துக்கு வந்த காலம். தரிசாகக் கிடந்த உப்பளத்தில் முட்டை வடிவமாகத் தடம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஓட்டினார்கள். நேர்த்தடத்தில் எவனும் முறுக்கிவிடலாம். வளைவில்தான் ஆள் தெரியும். அந்த வண்டிகளில் பிரேக்கைக் கழற்றிவிடுவார்கள். வண்டியை இடப்பக்கம் சாய்த்து, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு, இடது காலைத் தரையில் தேய்த்தபடியே திரும்ப வேண்டும். தோல் தாங்காது என்று அண்ணன் பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டிக்கொள்வான். லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்ததால் தகட்டுக்குப் பஞ்சமில்லை. துரை நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து ஓட்டுவார். அண்ணன் வண்டியோடு ஒட்டிக் கிடப்பான். அவன் வளைவில் திரும்பினால் மண் விசிறி மாதிரி எழும்பும்.

அவன் சாயும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அம்மா இல்லாத வீடு. ஐந்தாம் வகுப்போடு நின்று அடுப்படிக்கு வந்தவள் நான். எது நடந்துவிடுமோ என்று நினைத்து நினைத்தே வளர்ந்தேன்.

"அண்ணே, செயினப் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"டயரு?"

"ஏளா, நீயும் பின்னால ஏறி உக்காந்துக்கோ. ஓட ஓட ஒவ்வொண்ணா கேட்டுட்டு வா."

அந்த சீசனின் கடைசி ரேஸில் ஜெயிப்பவரைக் கொழும்புக்கு ஓட்ட அனுப்புவதாக ரேஸ் நடத்திய கிளப்பில் சொல்லியிருந்தார்கள். அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்காரர், வந்தால் வேலையும் தருகிறேன் என்று அண்ணனுக்கு ஆள் விட்டிருந்தார். அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. சாப்பிடும்போதுகூடக் கொழும்புதான்.

அப்பா உப்பளத்தில் கங்காணி. ரேஸ் என்றாலே எரிந்து விழுகிறவர், கொழும்பு என்றதும் மாறிப்போனார். பொங்கல் கழிந்து பாத்தி மிதிக்கிற நேரம் அது. உப்பு விளைவதற்கு முன்னால் பாத்தித் தரையில் உப்புத்தண்ணீரைப் பாய்ச்சி, ஆட்கள் தோளோடு தோள் பிடித்து வரிசையாக மிதிப்பார்கள். மிதித்துக் காய்ந்தால் தரை கண்ணாடியாக இறுகிவிடும், சொட்டுத் தண்ணீர் கீழே இறங்காது. ரேஸுக்கு முந்தின வாரம் அப்பா தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், வண்டிகள் உழுது போட்டிருந்த பெரிய வளைவைப் பாத்தி போலவே மிதித்துக் கொடுத்தார். கூலி கேட்காமல் வந்து மிதித்தார்கள். பையன் விழுந்துவிடக் கூடாதாம். எனக்கும் அதைக் கேட்டு நிம்மதியாகத்தான் இருந்தது.

ரேஸ் அன்றைக்கு வழக்கம்போல ஓட்டுகிறவர்கள் தடத்தைச் சுற்றி நடந்து பார்த்தார்கள். வளைவில் அப்பா வெளுத்த வேட்டியோடு நின்றார்.

"எப்படிலே இருக்கு?"

அண்ணன் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். "நல்லாருக்குப்பா."

"சிமிண்டுத் தரை தோத்துரும்லா" என்றார் ஆட்களில் ஒருவர். "கொழும்புக்குப் போயி எங்கள மறந்துராதீரும், மருமவனே."

அண்ணன் சிரித்துவிட்டு என்னிடம் தண்ணீர் குடிக்க வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்னண்ணே?"

"உதிரி மண்ணே இல்லளா. சாய்ச்சா சக்கரம் எதுல போயி கடிக்கும்? அப்படியே பறிச்சுக்கிட்டுப் போயிரும்."

"அப்ப மம்பட்டியால கொத்திவிடச் சொல்லு."

"அப்பா நிக்காருல்லா" என்றான். "அத்தன பேரு மிதிச்சிருக்காவ. நான் வெளியோரமாப் போயிக்கிடுதேன்."

வெளியோரத்தில் கொஞ்சம் புழுதி மிச்சமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே கடைசிச் சுற்று வரைக்கும் முன்னால்தான் வந்தான். துரை ஒவ்வொரு தடவையும் வளைவில் வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்க்காமல் திருப்பினார். நடந்து பார்த்தபோது அவர் காலிலும் அந்தத் தரை பட்டிருக்கிறது. கடைசி வளைவுக்கு முன்னால் அவர் உள்பக்கமாக நெருங்கினார். அவரை முந்தவிடாமல் உள்ளே இறங்கினால்தான் கொழும்பு. அண்ணன் இறங்கிச் சாய்த்தான். மண் எழும்பவில்லை. தகடு தரையில் கிறீச்சென்று இழுபட்டது, அவ்வளவுதான். வண்டி அவன் இடது காலின் மேல் கிடந்தது. துரை சுற்றிக்கொண்டு போய் ஜெயித்தார்.

முதலில் ஓடிவந்தது அப்பா. "என்னலே ஆச்சு? என்னலே?"

"செயின் அந்துட்டுப்பா."

செயின் அறுந்திருக்கவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தியவள் நான்.

துரை கொழும்புக்குக் கப்பலேறினார். அண்ணனின் கால் கோணலாக ஒட்டிக்கொண்டது. அவன் லாரி ஷெட்டிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போனான். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்த வளைவைப் பற்றித்தான் பேசுவார். "அப்படி ஒரு தர எங்கயும் கெடையாது. பாழாப்போன செயின் மட்டும் அறாம இருந்தா இவன் இன்னைக்குக் கொழும்புல இருப்பான். என்னலே?" அண்ணன் காலை நீட்டிக்கொண்டு, "ஆமாப்பா" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அப்பா செத்து வெகு நாள் கழித்து, ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே என்று அண்ணனிடம் கேட்டேன்.

"சொன்னா காலு நேராவுமா? வேற சோலியப் பாருளா" என்றான்.

துரைதான் பெரிய ஓட்டக்காரர் என்று கடைத்தெருவில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இருக்கட்டும். நல்லாத்தான் ஓட்டினார், அந்த வளைவில் வேகத்தைக் குறைக்கவும் தெரிந்திருந்தது. அவருக்கு அங்கே அப்பா நிற்கவில்லை.