சுவர் இல்லாத வாசக்கால்

மலைமேல் இருக்கும் எங்கள் அட்டுவம்பட்டியில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் நல்ல நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுமதி தருகிற ஆபீஸைப் பூட்டியதும் ஜல்லியும் மணலும் வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் கான்கிரீட் போட்டு, பச்சை வலையை இழுத்து மூடிவிட்டு, திங்கட்கிழமை காலையில் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி வாசலில் பல் விளக்கிக்கொண்டு நிற்பார்கள். எதிர் மேட்டு லாட்ஜ் மாடி மாடியாக அப்படித்தான் எழும்பியது. அனுமதி கைக்கு வந்த பிறகுதான் கல் வைப்பேன் என்று உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டுத் திருமலைச்சாமி அண்ணன். அதற்கு அவருக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். எனக்கு வாய் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் மன்னவனூர். பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைத்த குடும்பம். அவர் சம்சாரம் சின்னத்தாயி மதினிக்கு நெஞ்சில் கோளாறு. மூச்சு வாங்க ஆரம்பித்தால் கண் சொருகிவிடும். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதென்றால் எப்போதாவது வரும் பஸ்ஸை நம்ப வேண்டும். அதனால் தன் பங்குக் காட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இங்கே சரிவில் ஒரு துண்டு இடம் வாங்கி, அதன் கோடியில் தகரக் கொட்டகை போட்டுக் குடிவந்தார். ஒரு பங்களாவில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

நான் விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். இந்த மலையில் ஈரம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். மூடுபனி இறங்கிவிட்டால் அந்தக் கொட்டகைத் தகரத்தின் உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்து, மதினியின் கம்பளி மேல் சொட்டும். அண்ணன் கட்டிலை அங்கிட்டும் இங்கிட்டும் இழுத்துப் பார்ப்பார். எங்கே இழுத்தாலும் சொட்டும். டாக்டரம்மா ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"நான் குடுக்கிற மருந்து பாதிதான் கேக்கும். சுவர் வச்சு, காய்ஞ்ச ரூம் ஒண்ணு வேணும். இன்னொரு மழைக்காலத்த இந்தத் தகரத்துக்குள்ள இவங்க தாங்க மாட்டாங்க."

வாடகைக்கும் தேடினார். சீசனுக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு விடுகிற வீட்டை, விடாமல் இருமுகிற பொம்பளைக்கு யார் தருவார்கள்? என் வீடு ஒற்றை அறை. அதிலும் காயாத விரிப்புகள் தொங்கும். ஆக, அடுத்த ஐப்பசி மழைக்குள் ஒரே ஒரு அறை எழும்பியாக வேண்டும். அண்ணன் முறைப்படி மனுப் போட்டார்.

மலையில் வீடு கட்ட மண்ணைப் பார்க்கிறவர் ஒரு சான்று தர வேண்டும், காட்டைப் பார்க்கிறவர் ஒன்று, சரிவைப் பார்க்கிறவர் ஒன்று. எல்லாவற்றுக்கும் நடந்தார். ஆபீஸ் வராந்தாவில் தலைக்கம்பளியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். "வந்துரும்" என்பார்கள். அதை அப்படியே வந்து மதினியிடம் சொல்வார். கடைசியில் எல்லாச் சான்றும் சேர்ந்துவிட்டது. கட்டட ஆய்வாளர் வந்து இடத்தைப் பார்த்து எழுத வேண்டியதுதான் பாக்கி. ஊர் முழுவதற்கும் அந்த ஒரு ஆய்வாளர்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, ரெண்டே ரெண்டு சனிக்கிழமை. சோலி முடிஞ்சுரும். ஊரே அப்படித்தான் கட்டுது" என்றேன்.

"வேணாம் தாயி. கட்டி முடிச்ச பெறகு வந்து இடிச்சுட்டாங்கன்னா, அவள எங்கிட்டுக் கொண்டு போயி வைப்பேன்?"

 

வைகாசி கடைசி ஆகிவிட்டது. வைகாசி போனால் ஆனியிலும் ஆடியிலும் எங்கள் பக்கத்தில் யாரும் வாசக்கால் வைக்க மாட்டார்கள். ஆவணி வரைக்கும் காத்திருந்தால் சுவர் எழும்புவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். வாசக்கால் என்றால் வெறும் மரச்சட்டம் இல்லை. அது நின்றுவிட்டால் வீடு பிறந்துவிட்டது என்று அர்த்தம். சுவர் பிறகு மெதுவாக வரலாம். மதினிதான் கேட்டாள்.

"சுவரா எழுப்பச் சொல்றேன்? வாசக்கால மட்டும் நட்டு வைங்க. நல்ல நாளு போயிரும்ல."

சுவர் கட்டினால்தானே கட்டுமானம், சட்டம் நட்டால் என்ன என்றுதான் அண்ணனும் நினைத்தார். நானும் நினைத்தேன். வத்தலக்குண்டில் வேங்கை மரத்தில் செய்யச் சொல்லி, காய்கறி இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரியில் ஏற்றி வந்தார். வெள்ளனே முகூர்த்தம். குழி தோண்டி, நவதானியம் போட்டு, சட்டத்தை நிறுத்தி, அடியில் சிமெண்ட் குழைத்து இறுக்கினார்கள். மதினியை நாற்காலியோடு தூக்கி வந்தோம். அவள் கையாலேயே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். அன்றைக்குக் கேசரி கேட்டு வாங்கித் தின்றாள். இரண்டாம் தடவையும் கேட்டாள்.

ஆனி பிறந்த பிறகு ஆய்வாளர் வந்தார். ஆனந்த் என்று பெயர், சின்ன வயசு. வெடுக்கென்று பேசுகிற ஆள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல், கெட்டவன் என்று திட்டக்கூட வழியில்லை. வெற்று இடத்தின் நடுவில் மாவிலைத் தோரணத்தோடு நின்ற வாசக்காலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க இது?"

"வாசக்காலுங்க."

"ஆர்டர் வர்றதுக்கு முன்னாடி கட்ட ஆரம்பிச்சிட்டீங்களே."

"கட்டலைங்க. நட்டு மட்டும்தான் வச்சிருக்கோம்."

"சிமெண்ட் போட்டிருக்கீங்க. இது இருக்கிறப்ப நான் காலி இடம்னு எழுத முடியாது. போட்டோ நேரா மேல போயிரும்." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நான் பக்கத்துல ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள இதப் புடுங்கி அந்தக் கொட்டகைக்குள்ள போட்டுருங்க. வந்து காலி இடம்னு போட்டோ எடுத்துக்கிறேன். ஆடிக்கு முன்னாடியே ஆர்டர் வந்துரும், வெரசா கட்டிக்கலாம்."

இதைவிட ஒரு மனிதன் என்ன செய்வான்? அண்ணன் கடப்பாரையை எடுத்துவிட்டார். அப்போது கொட்டகைக்குள்ளிருந்து மதினியின் குரல் வந்தது. மூச்சுக்கு ஒரு வார்த்தையாக வந்தது.

"புடுங்காதீங்க. நட்ட வாசக்காலப் புடுங்குனா... அந்த வீட்டுப் பொம்பள தங்க மாட்டா."

ஆய்வாளர் என் வீட்டில்தான் டீ குடித்தார். ஆற ஆறக் குடித்தார், பாவம். நான் டம்ளரைக் கொடுத்துவிட்டு ஓடினேன். "அண்ணே, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? புடுங்கித் தொலைங்கண்ணே, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்" என்றேன். அண்ணன் கடப்பாரையைக் கீழே போடவும் இல்லை, ஓங்கவும் இல்லை.

"அவ பாத்துக்கிட்டு இருக்கா தாயி" என்றார்.

ஆய்வாளர் திரும்பி வந்தார். வாசக்காலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அனுமதியில்லாத கட்டுமானம் என்று நோட்டீஸ் வந்தது. அண்ணன் விளக்கம் எழுதிக் கொடுத்தார். விசாரணை முடிகிறவரைக்கும் எதையும் தொடக் கூடாது, கழற்றவும் கூடாது என்று ஆவணியில் சீல் வைக்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கே குழப்பம். எதைப் பூட்டுவது? கதவும் இல்லை, சுவரும் இல்லை. கடைசியில் இரண்டு காலுக்கும் குறுக்கே கயிறு கட்டி, முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றி, மேல்சட்டத்தில் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். இந்தப் பக்கம் ஆகாசம், அந்தப் பக்கம் ஆகாசம், நடுவில் சீல். தெருவே வந்து பார்த்துச் சிரித்தது. "திருமலைச்சாமி, சாவியப் பத்திரமா வச்சுக்கப்பா" என்று கேலி பேசினார்கள்.

அவர் சிரிக்கவில்லை. கொட்டகையிலிருந்து ரோட்டுக்குப் போக நேர் வழி அந்த வாசக்கால்தான். அன்றிலிருந்து அதைச் சுற்றிக்கொண்டு போவார். தெருநாய் கயிற்றுக்கு அடியில் நுழைந்தால்கூட ஓடிப்போய் விரட்டுவார். மழை தொடங்கியதும், எழுத்து அழிந்துவிட்டால் தன்னைக் கேட்பார்களே என்று நோட்டீஸுக்குப் பாலித்தீன் தாளைச் சுற்றிக் கட்டினார். உள்ளே கட்டிலில் கிடப்பவள் மேல் தகரம் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாளைக் கிழித்து எறிந்திருப்பேன். "அது அரசாங்கத்தோட காயிதம் தாயி" என்றார்.

ஐப்பசி முழுக்க வெயில் எட்டிப் பார்க்கவில்லை. மதினியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கொஞ்சம் தேறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்றால் அந்தத் தகரம்தான். மறுபடி சேர்த்தோம், மறுபடி அனுப்பினார்கள். விசாரணைக்குத் தேதி இன்னும் வரவில்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், நான் ஊட்டிய கஞ்சி வாயிலேயே நிற்க, மதினி போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை அவள் முகம் வாசக்கால் இருக்கிற பக்கம்தான் திரும்பியிருந்தது. நான் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். அண்ணன் அழவில்லை. கம்பளியில் எங்கே நனைந்திருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னவனூரிலிருந்து சனம் வந்தது. மஞ்சள் பூசி, பூ வைத்து, பாடையைத் தூக்கினார்கள். தூக்கியவர்கள் வழக்கம்போல வாசக்காலைச் சுற்றித் திரும்பினார்கள்.

"சுத்தாதீங்க" என்றார் அண்ணன். "அவளுக்கு வாசல் இருக்குல்ல."

இடுப்பிலிருந்த பண்ணரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தார். அரக்குக் கட்டி சேற்றில் விழுந்தது. மேல்சட்டம் இடிக்காமல் பாடையைத் தாழ்த்திப் பிடித்து, கால் முன்னால் போக, அந்த வாசல் வழியாக அவளைக் கொண்டுபோனார்கள். சீல் வைத்த நாளிலிருந்து அதன் வழியாக யாரும் நடந்ததில்லை.

சீல் உடைந்திருக்கிறது என்று யாரோ புண்ணியவான் ஆபீசுக்குச் சொல்லிவிட்டான். காரியம் முடிவதற்கு முன்பே ஆனந்த் வந்தார். அண்ணனுடைய மீசை மழித்த முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். ஆனாலும் வந்த வேலையைக் கேட்டாக வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சீல உடைச்சு உள்ள நுழைஞ்சது யாருங்க?"

அண்ணன் தலைக்கம்பளியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"உள்ள யாரும் நுழையலைங்க. வெளியதான் கொண்டு போனோம்."