கிழங்கு நிறத்தில் பதினேழு படிகள்

“உந்தச் சுவரோட கொஞ்சம் சாய்ஞ்சு நில்லுங்கோ தம்பி. அதில இல்லை, றோசாவுக்குப் பக்கத்தில. ஆ, இப்ப சிரியுங்கோ.”

பதிவுத் தபால் கொண்டுவந்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. கையொப்பம் வாங்கவேண்டிய கடிதத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஏழாவது படியில் விறைத்து நின்றார். விமலேஸ்வரி இரண்டு படி கீழே இறங்கினார், தலையைச் சரித்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவரை அளந்தார்.

“சீ, கன்னம் ரெண்டும் வீங்கின மாதிரிக் கிடக்கு. றோசா சரிவராது. நீங்கள் போங்கோ.”

சுவரில் பூசிப் பார்த்திருந்த றோசாத் திட்டின் மேல், வேண்டாம் என்று பென்சிலால் ஒரு புள்ளடி விழுந்தது. தபால்காரர் தெருவுக்கு வந்து சைக்கிளை எடுத்த பிறகுதான் கையொப்பம் வாங்கவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. மறுபடி படியேறத் துணிவில்லாமல் கீழே நின்றே கூப்பிட்டார்.

விமலேஸ்வரி விவாகப் பதிவாளர். கிளிநொச்சியில் கண்டி வீதியோரம், கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கும் வெதுப்பகத்துக்கும் நடுவே, ஓர் ஆள் நுழையும் அகலத்தில் ஒரு வாசல் உண்டு. அதற்குள் பதினேழு படிகள். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துச் சுவரோடு ஒட்டவேண்டும். மேலே அவருடைய அலுவலகம்: ஒரு மேசை, ஆறு கதிரை, ஓர் இரும்பு அலுமாரி. கலியாணம் கோயிலில் நடந்தாலும் மண்டபத்தில் நடந்தாலும், இந்தப் பக்கத்துச் சோடிகளில் பாதிப்பேருக்கு மேல் ‘எழுத்து’க்கு, அதாவது சட்டப் பதிவுக்கு, அந்த மேசைக்குத்தான் வருவார்கள். இருபத்திரண்டு வருடமாக வருகிறார்கள்.

வயது ஐம்பத்தாறு. காலில் ஆண்கள் போடுகிற ரப்பர்ச் செருப்பு. நடை வேகம், பேச்சு அதைவிட வேகம். அவருடைய மேசை லாச்சிக்குள் அரச முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு பவுடர் ரின், சீப்பு, ஒட்டுப்பொட்டு அட்டை, சேலைக்குக் குத்தும் ஊசி எல்லாம் இருக்கும். வெயிலில் வியர்த்து வரும் பெண்பிள்ளைகளுக்காக. கையொப்பம் வைக்கும்போது பொம்பிளைக்குக் கை நடுங்கினால், “ஒண்டும் அவசரமில்லை, முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ பிள்ளை” என்பார். மாப்பிள்ளைக்கு நடுங்கினால், “இப்பவே நடுங்குதோ?” என்று கேட்டுவிட்டுத் தானே முதலில் சிரிப்பார்.

படிக்கட்டின் பழைய நிறம் பச்சை. எப்போதோ யாரோ பூசிய ஆஸ்பத்திரிப் பச்சை. உச்சியில் ஒரு பல்ப், நடுவில் காற்றுக்காக வைத்த பூக்கல்லின் ஓட்டைகள் வழியே கசியும் வெளிச்சம், அவ்வளவுதான். எழுத்து முடித்து இறங்கும் சோடிகள் எல்லாரும் அந்தப் படியில் நின்றே படம் எடுப்பார்கள். படத்தில் மாப்பிள்ளை மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவர் போலவும், பொம்பிளை அவரைப் பார்க்க வந்து தானும் படுத்துவிட்டவர் போலவும் தெரிவார்கள். நன்றி சொல்லி அவர்கள் அனுப்பும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், “என்ர பிள்ளையள் எல்லாருக்கும் காமாலை” என்று விமலேஸ்வரி புலம்புவார். புலம்பினாரே தவிர ஒன்றும் செய்யவில்லை. செய்யவைத்தவர் முரசுமோட்டை அப்புத்துரை.

அப்புத்துரைக்கு ஏழு ஏக்கர் வயல், வங்கியில் வேலை செய்யும் தேனுகா என்று ஒரே மகள். கலியாணத்துக்கு அறிவித்தல் கொடுக்க வந்த நாளில் மகளோடு கூடவந்தவர் முதலாம் படியோடு நின்றுவிட்டார்.

“உந்தக் குகைக்குள்ள நான் ஏறமாட்டன். படியே தெரியேல்லை. விழுந்து முறிஞ்சா ஆர் பாக்கிறது?”

அவர் சொன்னது இருட்டையல்ல. அது தேனுகாவுக்கும் தெரியும், மேலே நின்ற விமலேஸ்வரிக்கும் தெரியும். தேனுகா கட்டப்போவது பிரதீபனை. பிரதீபனின் தகப்பன் சங்கிலி, சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து செட்டிகுளத்தில் குடியேறி, கூலிக்குக் காடு வெட்டிய காணிகளுக்குப் பக்கத்திலேயே பிறகு சொந்தமாக இரண்டு ஏக்கர் வாங்கியவர். அப்புத்துரையின் தொண்டையில் சிக்கியது அந்தத் தோட்டத்துக் கூலிப் பூர்வீகம்தான். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுப் படியைச் சொன்னார்.

வேறு யாரும் என்றால் இறங்கிப் போய்ச் சமாதானம் பேசியிருப்பார்கள். விமலேஸ்வரியின் வழக்கம் வேறு. ஆட்கள் சொல்லும் சாக்குப்போக்கை அவர் அப்படியே நம்பிவிடுவார்.

“அப்ப வெளிச்சமாக்கினா ஏறுவியளோ ஐயா?”

அப்புத்துரை இதை எதிர்பார்க்கவில்லை. “ம்... படி தெரிஞ்சா ஏறலாம் தானே.”

“சரி. ஜனவரி இருபத்திமூண்டு வெள்ளிக்கிழமை எழுத்து. உங்களுக்குப் படி தெரியும்.”

பதினெட்டு நாள் இருந்தது. பெயின்ற் அடிக்கும் நிரஞ்சன் மறுநாள் காலையே வந்தார். நாற்பது வயது, தொழிலில் கைகாரர், வாடிக்கையாளரோடு வாதாடாதவர். “பெரிய பல்ப் ஒண்டு போட்டா முடிஞ்சுது அக்கா” என்றார். போட்டுப் பார்த்தார்கள். பச்சை இன்னும் பச்சையாகத் தெரிந்தது. “அப்ப வெள்ளை அடிப்பம். வெள்ளையை ஆர் என்ன சொல்லப்போகினம்?” ஒரு திட்டு வெள்ளை அடித்தார்கள். பூக்கல் வெளிச்சத்தில் அது சாம்பலாகிப் போனது. விமலேஸ்வரி அதன் முன்னே நிரஞ்சனை நிறுத்திப் பார்த்துவிட்டு, “செத்த வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி நிக்கிறீர்” என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. கடையில் தந்த நிற அட்டையின் பெயர்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுவரில் முழங்கை அகலத்துக்குத் திட்டுத்திட்டாக அடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் கீழும் தானே பெயர் எழுதினார்: பால்தேத்தண்ணி, வெங்காயத்தோல், பப்பாசி, வானம், சவர்க்காரம், மழைக்கு முதல், மழைக்குப் பிறகு. ஒரு கிழமைக்குள் இருபத்தொரு திட்டுகள். கூறைச்சேலை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து ஒவ்வொன்றின் மேலும் விரித்துப் பார்த்தார். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை ஏறி இறங்கினார். ஒரே நிறம் மூன்று நேரமும் மூன்று விதமாகத் தெரிந்தது. அதில் அவருக்குப் பிடிபடாத சந்தோசம்.

“எனக்குக் கலர் தேவையில்லை நிரஞ்சன். எனக்கு முகம் தேவை. எந்தச் சுவருக்கு முன்னால முகம் வடிவாத் தெரியுதோ, அதுதான் கலர்.”

ஆகவே முகங்கள் பிடிக்கப்பட்டன. தபால்காரருக்குப் பிறகு வங்கிக் காவலாளி பிடிபட்டார். வெதுப்பகத்தில் மாப் பிசைகிறவர் முகம் முழுக்க மாவோடு வந்ததால் கழுவிவிட்டு வரும்படி திருப்பி அனுப்பப்பட்டார். மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த விமலேஸ்வரியின் கணவர் ஒன்பது திட்டுகளின் முன்னே சிரிக்கவைக்கப்பட்டார். அதன் பிறகு நான்கு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. எழுத்துக்கு வந்த ஒரு சோடி படியில் ஏறும்போதே பப்பாசியா வெங்காயத்தோலா என்று சண்டை பிடிக்கத் தொடங்கி, மேலே வந்தும் முடியாமல், கையொப்பம் வைத்த பிறகும் சிரித்துச் சிரித்துச் சண்டை பிடித்துக்கொண்டே இறங்கிப் போனது. “உதுகள் நல்லா இருக்குங்கள்” என்றார் விமலேஸ்வரி.

ஆனால் நிறம் மட்டும் அகப்படவில்லை. புதன்கிழமை பின்னேரம் ஆனது. இடையில் ஒரே ஒரு நாள். “வானத்தையே அடிச்சுவிடட்டோ அக்கா?” என்று நிரஞ்சன் கெஞ்சினார். விமலேஸ்வரிக்கு அழுகை வரும்போல இருந்தது. வானத்தின் முன்னே அவர் பார்த்த அத்தனை முகமும் குளிரில் நடுங்கியது.

நிரஞ்சன் களைத்துப்போய் ஒன்பதாவது படியில் குந்தினார். தேத்தண்ணியோடு தின்னவென்று மனைவி கட்டிக்கொடுத்த அவித்த பனங்கிழங்கை எடுத்தார். தோலை உரித்தார், நடுவால் முறித்தார், வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். பூக்கல் வெளிச்சம் அந்த முறிந்த கிழங்கில் விழுந்தது.

“நிரஞ்சன்! அசையாதையும்!”

நிரஞ்சன் திறந்த வாயோடு உறைந்தார்.

“கடியாதையும்! கடிச்சீரெண்டா உம்மைக் கொண்டுபோடுவன்!”

விமலேஸ்வரி செருப்புக் கழன்றது தெரியாமல் இறங்கி வந்தார். கிழங்குப் பாதியை வாங்கி அவருடைய கன்னத்தோடு வைத்துப் பார்த்தார். வெள்ளையுமில்லை, மஞ்சளுமில்லை, உள்ளே ஏதோ விளக்கு எரிவது போன்ற ஒரு நிறம். வேலையில் கறுத்த அந்த முகம் அதன் பக்கத்தில் பளிச்சென்று எழுந்து நின்றது.

“உம்மட முகம் எவ்வளவு வடிவு தெரியுமோ?”

நாற்பது வயதில் முதல் தடவையாக அதைக் கேட்ட நிரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டார்.

கடதாசியில் சுற்றிய அரைக் கிழங்கோடு இருவரும் பெயின்ற் கடைக்கு ஓடினார்கள். “அக்கா, கிழங்குக்கு நம்பர் இல்லையே” என்றார் மெசினில் நிறம் கலக்கும் கடைக்காரர். “நம்பர் இல்லாட்டி என்ன, உமக்குக் கண் இருக்குத்தானே?” என்றார் விமலேஸ்வரி. முதல் கலவை வெளிறிப் போனது. இரண்டாவது மஞ்சளாகிப் போனது. மூன்றாவதைக் கலக்கும்போது கடைக்காரர் ஏதோ யோசனையில் மாதிரிக் கிழங்கைச் சாப்பிட்டுவிட்டார். நிரஞ்சன் சந்தைக்குப் போய் இன்னொரு கட்டு வாங்கிவந்தார். நான்காவது கலவையில் கிழங்கு வந்தது. கை படும் கீழ்ப்பாதிக்கு, அழுக்குத் துடைக்க வசதியாக, பூசணிப்பூ நிறத்தில் எண்ணெய்ப் பெயின்ற்.

“உது காய ஒரு நாளுக்கு மேல வேணும் அக்கா. மழைக்குணம் வேற” என்று நிரஞ்சன் எச்சரித்தார். வியாழன் முழுவதும் அடித்தார்கள். வெள்ளி காலையில் விரலை வைத்துப் பார்த்தபோது கிழங்கு காய்ந்திருந்தது, பூசணிப்பூ ஒட்டியது. வாசலில் ஒரு கடதாசியை ஒட்டினார்கள்: ‘சுவரில் முட்டவேண்டாம்.’

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சங்கிலி மெலிந்த மனிதர். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. நண்டு போலப் பக்கவாட்டில் நடந்து சுவரில் படாமல் மேலே வந்து சேர்ந்தார். சாட்சிக் கையொப்பத்துக்கு அடையாள அட்டை வேண்டும் என்றதும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். வந்த வாகனத்துக்குள் விட்டுவிட்டார். எடுத்துவர இறங்கினார்.

அதே நேரம் வாசலில் அப்புத்துரை வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் கூறைச்சேலையில் தேனுகா. உள்ளே எட்டிப் பார்த்தார். பதினேழு படிகளும் விளிம்பு விளிம்பாகத் தெரிந்தன.

“படி தெரியுதோ ஐயா?” மேலேயிருந்து குரல் வந்தது.

அப்புத்துரை வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். “தெரியுது.” வேறு வழியில்லாமல் ஏறினார்.

ஒன்பதாவது படியில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஈரச் சுவர். அப்புத்துரை ஒரு காலைப் பின்னுக்கு எடுத்தார். அந்தக் கால் கீழே போனால் மறுபடி மேலே வராது என்று விமலேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது.

“பின்னுக்குப் போகாதையுங்கோ ஐயா! பிள்ளை நிக்குது, சேலை பழுதாப் போம்!”

“நான் மேல வந்துர்றேன் அம்மா” என்றார் சங்கிலி.

“நீங்களும் அசையாதையுங்கோ!”

சங்கிலி திரும்பியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் இந்த இரண்டு பேரும் இதுவரை இவ்வளவு கிட்ட நின்றதில்லை. அதைக் கலைக்க விமலேஸ்வரிக்கு மனம் வரவில்லை.

“ஆளை ஆள் பிடிச்சுக்கொண்டு திரும்புங்கோ. வேற வழியில்லை.”

கைகள் தயங்கின. பிறகு சங்கிலி அப்புத்துரையின் தோளைப் பிடித்தார். அப்புத்துரை சங்கிலியின் இடுப்பைப் பிடித்தார். அப்புத்துரையின் வயிறு நடுவில் இடித்தது.

“விட்டிடாதையுங்கோ” என்றார் அப்புத்துரை.

“இல்லீங்க, புடிச்சிருக்கேன். நீங்க காலை வைங்க.”

கால் மாறியது. இருவரும் கட்டிப்பிடித்தபடி அங்குலம் அங்குலமாகச் சுழன்றார்கள். “அப்பா, வயித்தை உள்ள இழுங்கோ!” என்ற தேனுகா சொல்லி முடிக்காமலே வெடித்துச் சிரித்தாள். மேலே பிரதீபன் சிரித்தான். வாசலில் கூடியிருந்த வெதுப்பகத்தார் சிரித்தார்கள். அப்புத்துரையின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகுதான் அவருக்குச் சத்தம் வந்தது. அந்தக் குலுக்கலில் சங்கிலியும் சேர்ந்து குலுங்க, விழாமலிருக்க அப்புத்துரை சுவரில் ஒரு விரலை ஊன்றிவிட்டார்.

சுற்றி முடிந்தது. இப்போது அப்புத்துரை மேலே, சங்கிலி கீழே. கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்புத்துரை குனிந்து கூப்பிட்டார்.

“கெதியா எடுத்துக்கொண்டு வாங்கோ. நீங்கள் வந்தாப் பிறகுதான் எழுத்து.”

பிரதீபனும் தேனுகாவும் கையொப்பம் வைத்தார்கள். சங்கிலி வைத்தார். பொம்பிளைப் பக்கச் சாட்சியாக வந்த வங்கித் தோழி பேனையை எடுத்தபோது, அப்புத்துரை கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“கொண்டாங்கோ பிள்ளை, நான் வைக்கிறன்.”

ஒவ்வோர் எழுத்தாக, நேரமெடுத்து வைத்தார். கையை எடுத்தபோது, பேருக்குப் பக்கத்தில் பதிவேட்டில் பூசணிப்பூ நிறத்தில் ஒரு பெருவிரல் பொட்டு இருந்தது.

அப்புத்துரை பதறிப்போனார். “ஐயோ, அரசாங்கப் புத்தகம். பழுதாக்கிப்போட்டன்.”

விமலேஸ்வரி பதிவேட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். குனிந்து, அந்தப் பொட்டு காயட்டும் என்று வாயால் ஊதத் தொடங்கினார்.