வேகம் பார்க்கிற குழாயில் ஒரு குளவி

வீரபாண்டித் திருவிழா முடிந்த மறுவாரம் நடந்தது இது. சென்னையில் என் நாத்தனாருக்கு வளைகாப்பு. கடையைப் பூட்ட மனசில்லாமல் என் கணவர் பழனிசெட்டிபட்டியிலேயே தங்கிவிட, நானும் மாமியாரும் மட்டும் கிளம்பினோம். நாத்தனாரின் கணவர் விமான டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார். மதுரை விமான நிலையத்துக்குள் இரண்டு பேருமே கால் வைத்தது அன்றுதான்.

விமானத்தை நினைத்து எனக்குப் பயமில்லை. வளைகாப்பை நினைத்துத்தான் பயம். கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் குழந்தை இல்லை. சொந்தபந்தம் கூடுகிற இடத்தில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டே என்னை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். மாமியார் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு மாதிரி கேட்பதுதான் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

விமானம் கண்ணெதிரே நின்றது, ஏறத்தான் விடவில்லை. ஏதோ கோளாறு என்றார்கள். கூச்சல் அதிகமானதும் மீசைக்கார இன்ஜினியர் ஒருவர் வந்து விளக்கினார். தரையில் ஓடும் வண்டிக்குச் சக்கரம் சுற்றுவதை வைத்து வேகம் பார்க்கலாம். வானத்தில் அது நடக்காது. அதனால் விமானத்தின் மூக்குப் பக்கம் சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமாம். எதிர்க்காற்று அதற்குள் எவ்வளவு அழுத்தமாகப் புகுகிறது, வெளியே சும்மா இருக்கிற காற்றின் அழுத்தம் எவ்வளவு என்று ஒப்பிட்டு வேகத்தைக் கணக்கிடுவார்களாம். அந்தக் குழாய்க்குள் ஒரு குளவி மண்ணைக் கொண்டுபோய் அப்பிவிட்டது. சுத்தம் செய்து சோதித்துப் பார்க்காமல் கிளம்பினால் வேகத்தைத் தப்பாகக் காட்டும், ஆபத்து என்றார்.

எல்லோரும் அடங்கிவிட்டார்கள். மாமியார் மட்டும் எழுந்தார். குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கூட்டைக் கலைக்க யாரையும் விடமாட்டார்கள்.

"தம்பி, அதக் கலைச்சுப்புடாதீக. வேற பிளேன் இருந்தா அதுல ஏத்திவிடுங்க, அதுவரைக்கும் நாங்க இருக்கோம்."

ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றார் அவர். மாமியார் விடவில்லை. செம்மண்ணா கரிசலா என்று கேட்டார். ஆணா பெண்ணா என்பது மண்ணின் நிறத்தில் தெரியுமாம். அந்த மனிதரும் பரீட்சைக் கேள்விபோல யோசித்து, செம்மண் என்றார். அதில் ஒரு பொட்டு வேண்டும் என்று அடுத்த கோரிக்கை. என்ன நினைத்தாரோ, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தே கொடுத்துவிட்டார். மாமியார் அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. எல்லாம் என்னைக் குத்திக்காட்டத்தான் என்று ஆத்திரம் வேறு. கணவருக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அந்த பிளேன் குட்டி ஹெலிகாப்டர் போடும்போல என்று அவர் சிரித்தார். போனை வைத்துவிட்டேன்.

சென்னை போய்ச் சேர்ந்தபோது வளையல் பூட்டி முடித்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் இலையில் உட்கார்ந்ததுமே எதிர்வரிசைப் பெரியம்மா ஒருவர், அடுத்தது உனக்குத்தானே, இன்னும் எத்தனை வருஷம் தள்ளுவதாக உத்தேசம் என்று சத்தமாகக் கேட்டார். நான் குனிந்து புளியோதரையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பக்கத்தில் மாமியார் கையை உதறினார். "அம்புட்டுப் பெரிய பிளேனையே இன்னைக்கு நிறுத்திவச்சு, பொறுமையாப் பாத்துத்தேன் எடுத்தாக. என் மருமகளுக்கு மட்டும் என்ன அவசரம்? அவ வேகத்த அளக்க இங்கன எவ கையிலயும் குழா இல்ல."

பெரியம்மா அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்தார். மாமியார் ஒன்றுமே நடக்காததுபோல இன்னொரு கரண்டி தயிர்சாதம் கேட்டு வாங்கினார்.

திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டேன், அந்த மண் யாருக்கு என்று. என்னை விசித்திரமாகப் பார்த்தார். "பிளேன்ல போனேன்னு சும்மா சொன்னா நம்ம தெருவுல எவ நம்புவா?"

இன்றுவரை எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த மண் டிவிக்குப் பக்கத்தில் குங்குமச் சிமிழில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் மாமியார் திறந்து காட்டுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம், இத்தனை வருஷமாக அவர் என்னிடம் கேட்காமல் இருந்த அந்த ஒரு கேள்விதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அவ்வளவு பிரியத்தை யாரும் எனக்கு வாய்திறந்து சொன்னதில்லை.