இருபது பக்கம் பின்னால்

செடெனாக் ஊரிலிருந்து கிளம்பும் எங்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஓர் அக்கா என் பக்கத்தில் உட்காருவார். மூக்குநுனியில் கண்ணாடி, மடியில் துணிப்பை. காலையில் போகும்போது நாவல் படிப்பார், மாலையில் திரும்பும்போது குரோஷே பின்னுவார். எனக்கும் இரண்டிலும் ஆசைதான். ஆனால் ஒரு புத்தகத்தையோ ஒரு பின்னலையோ நான் முடித்ததே இல்லை. அவரைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

ஒருநாள் காலை அவர் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணயர்ந்தார். பக்க அடையாளத்துக்கு அவர் வைத்திருந்த கம்பளி நூலை உருவி, இருபது பக்கம் பின்னால், அவர் ஏற்கெனவே படித்திருந்த இடத்தில் செருகிவிட்டேன்.

விழித்துப் படிக்கத் தொடங்கியவர் கொஞ்ச நேரத்தில் சிரித்தார்.

"அலமாக், அடடா! படிச்சதையே திரும்பப் படிக்கிறேன் லா."

"அப்ப விட்டுட்டு மேல போங்கக்கா" என்றேன்.

"வேணாம்மா. முதல்ல அவசரமா படிச்சிட்டேன் போல. இப்பதான் நல்லா இருக்கு."

என் வேலைதான் அது என்று அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குப் பொறாமை.